மழையில நனைஞ்ச பைக், ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகலயா? சத்தத்த வச்சு கோளாற கண்டுபிடிக்கற வழி

நம்ம குமரி மாவட்டத்துல மழ ஒரு சீசனோட விடாது. ஆனி ஆடியில மேக்க இருந்து வரும், ஐப்பசி கார்த்திகையில கெழக்க இருந்து வரும், நடுவுல சித்திரையில சாயங்காலம் இடியும் மின்னலுமா ஒரு கொட்டு கொட்டிட்டு போவும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல இருக்க வீடுகள்ல வெயில் அடிச்சாலும் ஈரம் காயாது, குளச்சல் முட்டம் பக்கம் போனா ஈரத்தோட உப்பும் சேந்துக்கும். ஆனா டூவீலருக்கு மழையில வர்ற கோளாறு எங்க பாத்தாலும் அதே ஏழெட்டு தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில நின்ன காலத்துல இருந்து இப்ப அக்கம்பக்கத்து வண்டிகள வீட்டு முத்தத்துல வச்சு பாக்கறது வரைக்கும் இதையே திரும்பத் திரும்ப செஞ்சிட்டிருக்கறதுனால, நான் பாக்கற வரிசையில எழுதுறேன்.

ஒண்ண மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன். மழ வண்டிய நிப்பாட்டும், அதுக்கான செலவு பெரும்பாலும் ஒரு ஸ்பார்க் பிளக்கு, அதோட ரப்பர் கேப்பு, இல்லன்னா வெறும் ஒரு துணி. பெரிய பில்லு வர்றதெல்லாம் அதுக்கப்புறம் ஆத்திரத்துல விடாம செல்ஃப் அமுக்கறதுல தான். ஒருக்கா அமுக்குனா 5 செகண்டுக்கு மேல வேண்டாம், அடுத்தது அமுக்க குறைஞ்சது 10 செகண்டு விடுங்க. மூணு நாலு தடவைக்கு மேல பிடிக்கலன்னா கைய எடுத்துட்டு, என்ன சத்தம் வந்துதுன்னு யோசிங்க. கீழ உள்ள தலைப்பெல்லாம் அந்த சத்தத்த வச்சு தான் பிரிச்சிருக்கு.

வண்டி ரோட்டுல வெள்ளத்துக்குள்ள வச்சு ஆஃப் ஆச்சுன்னா மட்டும் இதெல்லாம் படிக்காம, செல்ஃபையும் தொடாம, நேரா கீழ "வெள்ளத்துல முங்குன வண்டி"க்கு போயிருங்க.

டூல எடுக்கறதுக்கு முன்னாடி

சிரிக்காதீங்க, கூப்பிட்டு நான் போயி பாத்த வண்டிகள்ல நெறய வண்டிகள்ல கில் சுவிட்ச், அதாவது ஹேண்டில்பாருல எஞ்சின நிப்பாட்டற சுவிட்ச் தான் ஆஃப்ல இருந்துது. மழைக்கோட்டு போட்டுட்டு ஏறும்போது கை தட்டி ஆஃப் ஆயிடும், பிள்ளைங்க ஏறி வெளையாடும்போது அமுக்கி விட்டுரும். அத பாருங்க. சைடு ஸ்டாண்டு எடுத்தாச்சான்னு பாருங்க, புது வண்டியெல்லாம் ஸ்டாண்டு கீழ இருந்தா ஸ்டார்ட் ஆகாது. ஸ்டாண்டு எடுத்தும் மீட்டர்ல ஸ்டாண்டு லைட் எரிஞ்சுட்டே இருந்தா அந்த சென்சர்ல சேறு அடைச்சிருக்கும், ஒரு மக் தண்ணி மெதுவா ஊத்தி கழுவி, ஸ்டாண்ட நாலஞ்சு தடவ ஏத்தி எறக்குங்க. பெட்ரோல் இருக்கான்னும் பாத்துருங்க, முள்ள நம்பாதீங்க, டேங்க தொறந்து பாருங்க.

செல்ஃப் அமுக்குனா ஒரு சத்தமும் இல்ல

சாவி போட்டா மீட்டர்ல லைட் வருதா?

லைட்டே வரலன்னா: பேட்டரி ஒரேயடியா எறங்கிருக்கணும், இல்ல பியூஸ் போயிருக்கணும், இல்ல பேட்டரி டெர்மினல் கழண்டிருக்கணும். பியூஸ் சீட்டுக்கு அடியிலயோ பேட்டரி பக்கத்துலயோ இருக்கும், பக்கத்துலயே ஒரு ஸ்பேரும் வச்சிருப்பான். அத மாத்துங்க. அதே ஆம்பியர் தான் போடணும், சிகரெட் பேப்பரு, காப்பர் கம்பி எல்லாம் சுத்தி போடற வேல வேண்டாம், வயரிங் மொத்தமா உருகிடும். புது பியூஸ் போட்ட ஒடனே திரும்பவும் போச்சுன்னா எங்கயோ வயர் ஷார்ட் ஆகுதுன்னு அர்த்தம். மழக் காலத்துல எலி வண்டிக்குள்ள வந்து ஒதுங்கும், ரப்பர் ஷீட் ஒணத்துற செட்டுல வண்டி விடறவங்களுக்கு இது தெரியும். சீட்ட தூக்கி பாருங்க, எலிப் புழுக்கையும் கடிச்ச வயரு துணுக்கும் கெடந்தா வேற எதையும் நோண்டாம ஆட்டோ எலக்ட்ரீசியன கூப்பிடுங்க.

லைட் நல்லா வருது, செல்ஃப் மட்டும் சத்தம் இல்லன்னா: ஸ்கூட்டர்ல பிரேக் பிடிச்சா தான் செல்ஃப் எடுக்கும். அதனால பிரேக்க பிடிச்சுட்டு பின்னாடி ஸ்டாப் லைட் எரியுதான்னு சொவத்துல பாருங்க. எரியலன்னா கோளாறு செல்ஃப்ல கெடையாது, பிரேக் லிவருக்கு அடியில இருக்க குட்டி சுவிட்ச்ல தண்ணி எறங்கிருக்கு. அடுத்த பக்க பிரேக்க பிடிச்சு அமுக்கி பாருங்க, பல வண்டி அதுல எடுத்துரும். அப்புறம் அந்த சுவிட்ச்ல கொஞ்சம் டபிள்யூடி-40 அடிச்சு லிவர பத்து தடவ பிடிச்சு விட்டா சரியாயிடும். பிரேக் டிஸ்க்லயும் டிரம்லயும் அது படாம பாத்துக்கிடுங்க, பட்டா பிரேக் பிடிக்காது. கியர் வண்டின்னா நியூட்ரல்ல போட்டு, கிளட்ச்சும் பிடிச்சுட்டு பாருங்க, அங்கயும் இதே மாதிரி சுவிட்ச் உண்டு.

செல்ஃப் பட்டனுக்குள்ளயே தண்ணி போறதும் உண்டு. இதுல மழைய விட பெரிய வில்லன் வாட்டர் வாஷ் தான். பிரஷர் கன்ன ஹேண்டில்பாரு பக்கத்துல வச்சு அடிச்சா தண்ணி போகாத எடம் கெடையாது. வாஷுக்கு விடும்போது சுவிட்ச், மீட்டர், பிளக் இந்த மூணு பக்கமும் பிரஷர் அடிக்காதீங்கன்னு சொல்லிட்டு, பக்கத்துலயே நின்னுக்கிடுங்க.

இதுக்கப்புறமும் சத்தம் இல்லன்னா ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டாரு. அது வர்க்‌ஷாப் வேல.

டக் டக்குன்னு அடிக்குது, சுத்த மாட்டேங்குது

பேட்டரி. வேற யோசனையே வேண்டாம். ஹார்ன் அடிச்சு பாருங்க, ஆடு கத்துற மாதிரி வந்தா உறுதி. சத்தமில்லாம ஸ்டார்ட் ஆகற டைப் புது ஸ்கூட்டர்ல இந்த டக் டக்கும் வராது, மீட்டர் மட்டும் ஒருக்கா மங்கி திரும்ப வரும், கோளாறு இதே தான்.

பேட்டரி மாத்த ஓடறதுக்கு முன்னாடி டெர்மினல பாருங்க. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்து போயிருக்கா? மொதல்ல மைனஸ், அப்புறம் பிளஸ், இந்த வரிசையில கழட்டி, உப்புத்தாள வச்சு வெளுக்க தேச்சு, மாட்டும்போது பிளஸ் மொதல்ல, மைனஸ் கடைசியில மாட்டி இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க. கடக்கரை பக்கத்து வண்டிக்கு இத ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா செய்யணும். அங்க இன்னொண்ணும் உண்டு. எக்ஸ்எல் வண்டியில மீன் பெட்டி கட்டி ஓட்டுற அண்ணன்மாருக்கு பெட்டியில இருந்து உப்பும் ஐஸ் தண்ணியும் வடிஞ்சுட்டே இருக்கும், அது பிரேம்ல போல்ட் போட்டு மாட்டிருக்க எர்த் வயர அரிச்சு தின்னுடும். பேட்டரி புதுசு, டெர்மினல் சுத்தம், ஆனாலும் டக் டக்குன்னா அந்த எர்த் போல்ட்ட கழட்டி தேச்சு மாட்டுங்க. பேட்டரி தப்புன்னு ரெண்டு பேட்டரி மாத்துனவங்கள எனக்கு தெரியும்.

மல்டிமீட்டர் இருந்தா வண்டி ஆஃப்ல இருக்கும்போது பேட்டரியில வைங்க. 12.6 வோல்ட் பக்கத்துல இருந்தா நல்ல பேட்டரி, 12க்கு கீழன்னா சார்ஜ் இல்ல. ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர் கொடுத்தா 13.5ல இருந்து 14.5 வரைக்கும் வரணும். வரலன்னா பேட்டரி பாவம், வண்டி சார்ஜ் ஏத்தல, ரெகுலேட்டரோ சார்ஜ் ஏத்துற காயிலோ பாக்கணும், அப்ப மெக்கானிக்க பாருங்க. சும்மா புது பேட்டரி வாங்குனா அதுவும் ஒரு வாரத்துல படுத்துடும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா? கியர் வண்டின்னா ரெண்டாவது கியர்ல போட்டு தள்ளலாம். ஸ்கூட்டர எவ்வளவு தள்ளுனாலும் ஸ்டார்ட் ஆகாது, மழையில ரெண்டு பேரு வேர்த்தது தான் மிச்சம். எஃப்ஐ வண்டியில, அதாவது கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் பீச்சுற வண்டியில, பேட்டரி சுத்தமா செத்துருந்தா பெட்ரோல் பம்பே ஓடாது, அதனால அதையும் தள்ளி பிரயோஜனம் இல்ல.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது

இது தான் மழைக்காலத்தோட மெயின் கேசு. ராத்திரி முழுக்க வெளிய நனைஞ்சுருக்கும், காலைல கிர்ர் கிர்ர்னு சுத்தும், பிடிக்காது. இங்க வரிசை முக்கியம், விலை கம்மியான எடத்துல இருந்து பாத்துட்டு வாங்க.

பிளக் கேப். வண்டிய ஆஃப் பண்ணி, எஞ்சின் சூடா இருந்தா ஆற விட்டு, பிளக் மேல இருக்க ரப்பர் கேப்ப நேரா இழுத்து எடுங்க. உள்ள ஈரமோ பச்சை பூத்ததோ இருக்கான்னு பாருங்க. காஞ்ச துணியால உள்ளயும் வெளியவும் தொடைச்சு, மாட்டி, ஸ்டார்ட் பண்ணுங்க. பாதிக்கு மேல வண்டி இங்கயே பிடிச்சுரும். பிடிச்சா சந்தோசப்பட்டு விட்டுராதீங்க, கேப்புல எங்கயோ கீறல் இருக்கு, அதான் தண்ணி போவுது, நாளைக்கும் இதே கத தான். புது கேப் ஒண்ணும் பெரிய காசு கெடையாது.

பைக்ல இன்னொரு எடம் பாக்கணும். பிளக் உக்காந்திருக்க குழியில தண்ணி தேங்காம வெளிய போறதுக்கு எஞ்சின் ஹெட்ல ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பான். செம்மண்ணு சேறு அடைச்சா குழியில தண்ணி நின்னு பிளக்கே முங்கி கெடக்கும். நம்ம மேற்கு பக்க ரோட்டுல ஓடற வண்டியில இது சகஜம். ஒரு மெல்லிசு கம்பிய விட்டு ஓட்டைய குத்தி விடுங்க. பிளக்க கழட்டறதுக்கு முன்னாடி சைக்கிள் பம்ப வச்சு அந்த குழிய நல்லா ஊதிருங்க, இல்லன்னா தண்ணியும் மண்ணும் நேரா எஞ்சினுக்குள்ள போவும்.

பிளக். கழட்டி முனைய பாருங்க.

முனை நனைஞ்சு பெட்ரோல் வாடை அடிச்சா, பெட்ரோல் வருது, ஸ்பார்க் வரல, இல்ல விடாம செல்ஃப் அடிச்சு பெட்ரோல் நெறஞ்சு போச்சு. பிளக்க தொடைச்சு, பழைய டூத் பிரஷ் வச்சு கரிய எடுத்து, பத்து நிமிசம் காத்தாட வைங்க. மாட்டிட்டு ஆக்சிலேட்டர முழுசா திருகி பிடிச்சுட்டு அஞ்சாறு கிக்கோ, ஒரு சின்ன செல்ஃபோ கொடுங்க. கார்புரேட்டர் வண்டியில சோக்க போடாதீங்க, ஏற்கனவே பெட்ரோல் கூடி போயி தான் நிக்குது.

ஸ்பார்க் வருதான்னு பாக்கணும்னா பிளக்க கேப்புல மாட்டி, பிளக்கோட இரும்பு ஒடம்பு எஞ்சின் மேல நல்லா ஒட்டி நிக்கற மாதிரி வச்சு, கிக் அடிச்சு பாருங்க. நீலமா பளிச்சுன்னு அடிச்சா ஓகே. மஞ்சளா சோம்பேறித்தனமா வந்தா பிளக்க மாத்துங்க. பிளக்க கழட்டுன ஓட்டைக்கு பக்கத்துல வச்சு இத செய்யாதீங்க, உள்ள இருந்து பெட்ரோல் ஆவி வரும், பத்திக்கும். கையிலயும் பிடிக்காதீங்க, அந்த ஷாக் ஒரு மாதிரி இருக்கும். எஃப்ஐ வண்டியில எனக்கு இந்த டெஸ்டே பிடிக்காது, எர்த் சரியா கெடைக்கலன்னா எலக்ட்ரானிக்ஸ் அடி வாங்கும், பேசாம புது பிளக் ஒண்ணு போட்டு பாத்துடலாம்.

புது பிளக்குலயும் ஸ்பார்க் இல்லன்னா இக்னிஷன் காயில், சிடிஐ (ஸ்பார்க் எப்ப அடிக்கணும்னு பாக்கற பெட்டி), வயரிங். அங்க நிறுத்திக்கிடுங்க, மெக்கானிக்குக்கு போன போடுங்க.

பிளக் முனை காஞ்சு கெடந்தா, பெட்ரோல் எஞ்சினுக்கு வரல. கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோல் காக் ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு அடுத்த தலைப்புக்கு போங்க. எஃப்ஐ வண்டி, அதாவது 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டிகள் அநேகமா எல்லாமே, சாவிய ஆன் பண்ணும்போது சீட்டுக்கடியிலயோ டேங்க்லயோ "ங்ங்ங்"னு ரெண்டு மூணு செகண்டு ஒரு சத்தம் வரும், அது பெட்ரோல் பம்பு. காத வச்சு கேளுங்க. சத்தம் இல்லன்னா பம்பு பியூஸ், அப்புறம் பேட்டரி. ரெண்டும் சரின்னா கனெக்டருக்குள்ள தண்ணி போயிருக்கலாம், சீட்ட தூக்கி தெரியுற கனெக்டர கழட்டி ஊதி மாட்டலாம், அதுக்கு மேல ஸ்கேனர் இருக்க வர்க்‌ஷாப் தான். மஞ்ச எஞ்சின் லைட் கண்ண சிமிட்டிட்டே இருந்தாலும் அங்க தான் போணும், குத்துமதிப்பா பார்ட்ஸ் மாத்தற ஆளுகிட்ட விட்டுராதீங்க.

பெட்ரோல்ல தண்ணியா?

மழ பெய்ஞ்சு ரெண்டு மூணு நாளு கழிச்சு வர்ற கோளாறு இது, அதனால யாருக்கும் மழ மேல சந்தேகமே வராது. ஒண்ணு, வண்டி இழுக்காம அழுதழுது போவும், இல்ல ஸ்டார்ட் ஆகி ஒரு பர்லாங்குல நிக்கும்.

எல்லாரும் பங்க்க தான் திட்டுவாங்க. நான் மொதல்ல பாக்கறது டேங்க் மூடி. பைக்ல மூடிய சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், அதுல விழற மழத்தண்ணி வெளிய போக ஒரு குட்டி ஓட்டையும் டேங்க் உள்ளாற வழியா கீழ போற டியூபும் இருக்கும். தூசி அடைச்சா பள்ளத்துல தண்ணி நிக்கும், மூடிய தொறந்த ஒடனே மொத்தமும் டேங்குக்குள்ள போவும். மழயில நின்ன வண்டிக்கு பெட்ரோல் அடிக்கும்போது மூடிய தொறக்கறதுக்கு முன்னாடி துணியால ஒத்தி எடுங்க.

செக் பண்றதுக்கு: கார்புரேட்டருக்கு அடியில ஒரு டிரெயின் ஸ்குரூ இருக்கும், அத லூசாக்கி ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிங்க. பீடி சிகரெட் பக்கத்துல வேண்டாம், சைலன்சர் சூடா இருந்தா வேண்டவே வேண்டாம். பாட்டில அஞ்சு நிமிசம் ஆடாம வைங்க. அடியில தனியா ஒரு அடுக்கு நின்னா தண்ணி. 2023ல இருந்து வர ஆரம்பிச்ச இ20 பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கறதுனால கொஞ்சம் தண்ணி வந்தா அதோட கலந்துரும், கூடிப் போச்சுன்னா எத்தனாலும் தண்ணியும் சேந்து பிரிஞ்சு அடியில எறங்கிரும், வண்டி இழுக்கறதும் அந்த அடித்தண்ணிய தான். கார்புரேட்டர்ல மட்டும் தண்ணின்னா டிரெயின் பண்ணி விட்டா போதும். டேங்க்லயே இருந்தா டேங்க எறக்கி முழுசா ஊத்திட்டு காய வைக்கணும். எஃப்ஐ வண்டில பம்பும் இன்ஜெக்டரும் இருக்கறதுனால அத மெக்கானிக்கே செய்யட்டும்.

ஸ்டார்ட் ஆகுது, ஒடனே ஆஃப் ஆகுது

ஏர் ஃபில்டர். பாக்ஸுக்கு அடியில ஒரு ரப்பர் டியூப் மூடியோட தொங்கும், அத உருவுனா தண்ணி வடிஞ்சா ஃபில்டர் நனைஞ்சிருக்கு. ஸ்பாஞ்ச் டைப்ன்னா கழுவி நல்லா காய வச்சு போடலாம். பேப்பர் டைப் நனைஞ்சா மாத்திருங்க, வெயில்ல வச்சு திரும்ப போடற வேல வேண்டாம். சைலன்சர் வாயில துணி, சேறு, மழக் காலத்துல கூடு கட்டுற வண்டு, இதெல்லாமும் பாத்துக்கிடுங்க. ஸ்டார்ட் ஆன மொத அஞ்சு நிமிசம் வெள்ளப் பொக வந்தா அது நீராவி, பயப்பட வேண்டாம், வண்டி சூடான பெறவும் நிக்கலன்னா தான் காட்டணும்.

ஓடிட்டு இருக்கும்போதே மழையில மிஸ் ஆகுது

வெயில்ல தங்கம், மழ வந்தா திணறல், மழ விட்டு அரை மணி நேரத்துல திரும்ப தங்கம். மெக்கானிக்கிட்ட கொண்டு போகும்போது வண்டி காஞ்சுரும், அவரு ஓட்டி பாத்துட்டு ஒண்ணும் இல்லம்பாரு. இதுக்கு ஒரு வழி இருக்கு. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு, வண்டிய ஸ்டார்ட்ல விட்டு, பிளக் கேப்பு மேலயும் அதுல இருந்து காயிலுக்கு போற தடிச்ச வயரு மேலயும் ஸ்பிரே பாட்டில்ல தண்ணிய லேசா பொக மாதிரி அடிங்க. கைய கிட்ட கொண்டு போகாதீங்க. எங்கயாவது நீலமா பொறி ஓடுனா அந்த எடத்துல தான் கீறல். வயரு முனையில மட்டும் கீறல்ன்னா ஒரு அர இஞ்சு வெட்டிட்டு கேப்ப திரும்ப திருகலாம், நடுவுலன்னா மாத்தணும். இன்சுலேஷன் டேப் சுத்துனா அடுத்த மழைக்கு தாங்காது.

ஸ்கூட்டர் மிஸ் ஆகாம, ஆக்சிலேட்டர் கொடுத்தா சத்தம் மட்டும் கூடி வண்டி நகரலன்னா, பெல்ட் பெட்டிக்குள்ள தண்ணி போயி பெல்ட் வழுக்குது. கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டுனா காயும். காயலன்னா கவர கழட்டி தொடைக்கணும்.

வழுக்கி விழுந்துச்சு, தூக்கி நிறுத்துனா ஸ்டார்ட் ஆகல

பல எஃப்ஐ வண்டியில சாஞ்சா எஞ்சின ஆஃப் பண்ற சென்சர் உண்டு. சாவிய ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் அவ்வளவு தான். ஒங்களுக்கு அடி பட்டுருக்கான்னு மொதல்ல பாத்துக்கிடுங்க, வண்டி கெடக்கட்டும்.

வெள்ளத்துல முங்குன வண்டி

பேச்சிப்பாறையில உபரித் தண்ணி தொறந்து விட்டா குழித்துறை சப்பாத்து பாலம் முங்கும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் "அக்கரைக்கு தானே"ன்னு ஒருத்தரு எறக்கிருவாரு. தண்ணி சைலன்சர் வாய்க்கு மேல நின்னா எந்த ரோடா இருந்தாலும் எறக்காதீங்க. எறங்கி நடுவுல ஆஃப் ஆச்சுன்னா செல்ஃப் கூடாது, கிக் கூடாது, தள்ளி ஸ்டார்ட் கூடாது. சாவிய ஆஃப் பண்ணிட்டு தள்ளி கரை ஏத்துங்க. எஞ்சினுக்குள்ள தண்ணி நின்னா பிஸ்டனால அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். அப்புறம் எஞ்சின பிரிக்காம வேற வழி இல்ல.

கரைக்கு வந்ததும் பேட்டரி மைனஸ கழட்டுங்க. எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்க, அதாவது ஆயில் அளவு பாக்கற குச்சிய எடுத்து பாருங்க, டீ கலர்ல பால் கலந்த மாதிரி இருந்தா ஆயில்ல தண்ணி, ஸ்டார்ட் பண்ணவே கூடாது, வண்டிய ஏத்திக்கிட்டு வர்க்‌ஷாப்புக்கு போங்க. ஆயில் சுத்தமா இருந்து, தண்ணி கால் வைக்கற எடத்துக்கு கீழ தான் நின்னுதுன்னு உறுதின்னா, பிளக்க கழட்டிட்டு ஓட்டைக்கு நேரா மொகத்த வைக்காம மெதுவா கிக்க கையால அமுக்குங்க. தண்ணி பீச்சி அடிச்சுதுன்னா அது நிக்கற வரைக்கும் அமுக்கலாம், ஆனா ஸ்டார்ட் பண்ற யோசனைய விட்டுட்டு மெக்கானிக்க கூப்பிடுங்க. தண்ணி வரலன்னா ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் காய வச்சு பாத்துக்கலாம். கிக் எறங்கவே மாட்டேங்குதுன்னா பலத்த காட்டாதீங்க.

ராத்திரி முழுக்க முங்கி கெடந்த வண்டிய வீட்டுல வச்சு எதுவும் செய்யாதீங்க. தண்ணி நிக்கற எடத்துலயே, எவ்வளவு ஒசரம் நிக்குதுன்னு தெரியுற மாதிரி நாலஞ்சு போட்டோ எடுத்து வச்சுட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சொல்லிட்டு, அப்புறம் நகத்துங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா வெள்ளத்துக்கு ஒண்ணும் கெடைக்காது, ஓன் டேமேஜும் சேந்த பாலிசி வேணும். அதுலயும் தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போனா தர மாட்டோம்பாங்க, எஞ்சின் புரொடெக்‌ஷன்னு தனியா ஒண்ணு சேத்திருந்தா தான் பேச முடியும்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் முங்குனா இந்த லிஸ்ட்ல எதையும் செய்யாதீங்க. ஆஃப் பண்ணுங்க, சார்ஜ்ல போடாதீங்க, வீட்டுக்குள்ள ஏத்தாதீங்க, கம்பெனி சர்வீஸ் ஆளு வர்ற வரைக்கும் வெளிய தள்ளியே நிக்கட்டும்.

சீட்டுக்கு அடியில ஒரு பாலிதீன் கவருல பிளக் ஸ்பேனர், ஒரு புது பிளக்கு, ரெண்டு பியூஸு, காஞ்ச பனியன் துணி, துண்டு உப்புத்தாளு போட்டு கட்டி வைங்க. கவர் வாய நல்லா முடிஞ்சு போடுங்க, தண்ணி சீட்டுக்கு அடியிலயும் போவும்.